சித்தப்பா பையன்

திருவல்லிக்கேணி மேன்ஷன்களுக்கு 'சேவல் பண்ணை' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. 1996-இல் திருவாரூரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து அப்படியொரு பண்ணையின் மூன்றாவது மாடியில் குடியேறினேன். ஊர் மெட்ராஸிலிருந்து சென்னையாகிக்கொண்டிருந்த வருஷம். பத்துக்குப் பத்து அறை, இரண்டு கட்டில், சுவரில் ஆணியடித்துக் கட்டிய கொடியில் எப்போதும் காயாத பனியன்கள். எதிர் அறையில் திருநெல்வேலிக்காரன் ஒருவன் இருந்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல் ரேடியோவைச் சன்னமாக வைத்துக்கொண்டு கதவைத் திறந்துபோட்டுப் படித்துக்கொண்டிருப்பான். அவனோடுதான் இன்றுவரை இருக்கிறேன்.

மாலையில் ரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, பைகிராப்ட்ஸ் ரோடு வழியாக மெரினாவுக்கு நடப்போம். சுண்டுவிரலோடு சுண்டுவிரல் கோத்திருக்கும். ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. மணலில் நடந்த ஆண்களில் பாதிப் பேர் அப்படித்தான் நடந்தார்கள். தோளில் கை, இடுப்பில் கை, மடியில் தலை. பீட் போலீஸ்காரர் எங்களைத் தாண்டிப் போய், தூரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண்-பெண் ஜோடியை எழுப்பி விசாரிப்பார். அப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு உயிரோடு இருந்தது. எங்களைப் போன்றவர்களின் உறவைக் குற்றமாக்கி 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிவைத்தது. ஆயுள் தண்டனைவரை போகலாம். குற்றவாளிகளாகிய நாங்கள் கையைக் கோத்துக்கொண்டு காவலரின் முன்னாலேயே காற்று வாங்கினோம்.

இப்போது அந்தச் சட்டம் எங்களைத் தொடாது. போன மாதம் பெசன்ட் நகர் கடற்கரையில், நடைபாதையிலிருந்து மணலுக்கு இறங்கும் படியில் அவனுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. கையைக் கொடுத்தேன். இறங்கிய பிறகும் விடவில்லை; பழக்கம். பக்கத்தில் பைக்கில் சாய்ந்து நின்ற இரண்டு இளைஞர்கள் பார்த்தார்கள். ஒருவன் மற்றவனிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். அவன் மெல்ல என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டான். அந்த இளைஞர்களும் ஒருவரையொருவர் தொடாமல், நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டுத்தான் நின்றார்கள். கவனித்துப் பாருங்கள், நகரத்து ஆண்பிள்ளைகள் சினேகிதன் கையைப் பிடிப்பதை விட்டுவிட்டார்கள். எங்களை ஊருக்கு அடையாளம் தெரிந்ததும், சும்மா சினேகிதர்களாக இருப்பவர்களும் கையை எடுத்துக்கொண்டார்கள். அதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. தொடுவதற்குப் பயமில்லாத ஊராகத்தான் இதை நான் முதலில் அறிந்தேன்.

எங்கள் கூட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் கூடும். கதீட்ரல் ரோட்டில் மரங்களுக்கு நடுவே கார்கள் நிற்கும். சர்வர் வந்து கார்க் கண்ணாடி விளிம்பில் தட்டை மாட்டிவிட்டுப் போவார். எங்களில் ஒருவரிடம்தான் கார் இருந்தது, பழைய பியட். அதற்குள் ஆறு பேர். அந்தக் காருக்குள் மட்டும்தான் நாங்கள் வாய்விட்டுப் பேசினோம். பெண் பார்க்கப் போய்வந்தவர், கல்யாணத் தேதி குறித்துவிட்டார்கள் என்று அழுதவர், துபாய்க்கு விசா வந்துவிட்டது என்று சிரித்தவர், எல்லாரும் அந்தப் பின்சீட்டில்தான். சர்வர் பில் கொண்டுவரும்போது பேச்சு கிரிக்கெட்டுக்குத் தாவும். மும்பையிலிருந்து 1990 முதல் வந்துகொண்டிருந்த, எங்களைப் போன்றவர்களுக்கான 'பாம்பே தோஸ்த்' இதழ் எப்போதாவது ஒன்று வந்து சேரும். செய்தித்தாளில் சுற்றி ஆறு பேரும் ஆளுக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்வோம். என் முறை வரும்போது அதைத் தலையணை உறைக்குள் வைத்துப் படுப்பேன்.

எங்களைப் பற்றி நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம். ஆங்கிலம் அவ்வளவு வராதவர்கூட அந்த ஒரு விஷயத்துக்கு ஆங்கிலத்துக்குப் போய்விடுவார். தமிழில் எங்களுக்கு இருந்தவை கழிப்பறைச் சுவரில் கிறுக்கியவை, இல்லாவிட்டால் குற்றச் செய்தியில் வருபவை. அம்மாவிடம் சொல்லக்கூடிய சொல் ஒன்றுகூட இல்லை. என் அம்மா இறந்தது 2004-இல். அவளுக்குப் புரியும் மொழியில் நான் யார் என்று சொல்ல எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.

டிரைவ்-இன் 2008-இல் மூடப்பட்டது. இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா.

மேன்ஷனை விட்டுவிட்டு 2001-இல் மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடிப் போர்ஷனுக்குப் போனோம். வீட்டுக்கார மாமி பேச்சிலர்களுக்கு வீடு கொடுக்கமாட்டேன் என்றார். "நாங்க அண்ணன் தம்பி மாதிரி மாமி, சித்தப்பா பையன்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல் எங்களுக்குப் பதினெட்டு வருஷம் கூரை போட்டது. மாமி விடவில்லை, ஒருநாள் கேட்டார்: "நீ தஞ்சாவூர்ப் பக்கம் பேசற, அவன் வாயத் தொறந்தா திருநெல்வேலியா இருக்கே, எப்படிடா?" சித்தி அந்தப் பக்கம், அம்மா வளர்ப்பு என்று சமாளித்தேன். அதற்குப் பிறகு வத்தக்குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மாடிக்கு வந்துவிடும். அவனுக்கு டைபாய்டு வந்தபோது பதினொரு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் மாமிதான். அந்த அன்பை நான் பொய் சொல்லித்தான் வாங்கினேன். இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

2006-இல் 'வேட்டையாடு விளையாடு' பார்க்கப் போனோம். வில்லன்கள் இருவரும் காதலர்கள் என்று படம் காட்டியபோது அரங்கம் முழுக்க ஊளையும் விசிலும். நாங்கள் இருவரும் நடுவில் இருந்த கைப்பிடியிலிருந்து ஒரே நேரத்தில் முழங்கையை எடுத்துக்கொண்டோம். 2025-இல் வந்த 'காதல் என்பது பொதுவுடமை'யில் ஒரு பெண் தன் காதலியை வீட்டுக்குக் கூட்டிவந்து அம்மாவிடம் சொல்கிறாள். அரங்கத்தில் கூட்டம் குறைவு, ஆனால் யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பையனும் அவன் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். இடைவேளையில் அந்த அம்மா அவனுக்குப் பாப்கார்ன் வாங்கிக் கொடுத்துவிட்டு, "அந்தப் பொண்ணு நல்லா நடிக்குது" என்றார். அவர் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

2009 ஜூன் கடைசியில் சென்னையின் முதல் வானவில் பேரணி மெரினாவில் நடந்தது. போனேன், ஆனால் போய்ச் சேரவில்லை. சாலையின் இந்தப் பக்கம் பைக்கை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றேன். உள்ளே வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. எதிரே பறை அடித்துக்கொண்டு ஆடிவந்தவர்களில் திருநங்கையர் பலர். எங்களைப் போல ஒளிந்துகொள்ள அவர்களுக்கு மேன்ஷனும் இல்லை, சித்தப்பா பையனும் இல்லை. முன்வரிசையில் அவர்களே நடந்தார்கள். அன்றைக்கு அவர்கள் நடந்த பாதையில்தான் பிறகு நாங்கள் எல்லாரும் நடந்தோம் என்பதை நான் எங்கேயும் சொல்லத் தயங்குவதில்லை.

நான்கே நாளில், ஜூலை 2, டெல்லி உயர் நீதிமன்றம் 377-ஐத் தளர்த்தியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. 2018 செப்டம்பர் 6, வியாழக்கிழமை, ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக எங்களைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அலுவலக கேன்டீன் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் போன் செய்தான்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான். பிறகு, "வரும்போது பால் வாங்கிட்டு வா" என்றான்.

மாமி காலமாகி, அவர் பிள்ளைகள் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்தார்கள். 2019-இல் மறுபடி வீடு தேடினோம். வழக்கம்போல, "சித்தப்பா பையன்" என்றேன். புரோக்கருக்கு முப்பது வயது இருக்கும். போனிலிருந்து தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் பார்த்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க அந்த மாதிரியா? ஓனர் கேப்பாரு, அதான்." 377 இருந்த காலத்தில் எந்த வீட்டுக்காரருக்கும் இப்படி ஒரு கேள்வி தோன்றியதே இல்லை. தீர்ப்பு வந்த அன்று டிவியில் எல்லாரும் பார்த்தார்கள். விடுதலை எங்களுக்கும் சந்தேகம் அவர்களுக்குமாகப் பிரிந்து போய்ச் சேர்ந்தது. அந்த மாதத்தில் ஏழு வீடுகள் கைநழுவின. எட்டாவது வீட்டுக்காரர் கனடாவில் இருக்கிறார். வாடகை ஒன்றாம் தேதி வந்தால் போதும் என்றார்.

2021 மே மாதம் அவனுக்குக் கொரோனா. தனியார் மருத்துவமனை ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஆக்ஸிஜன் 86. வரவேற்பில் இருந்த பெண் படிவத்தை நீட்டினாள். 'நோயாளிக்கு உறவு' என்று ஒரு கட்டம். "பார்ட்னர்" என்றேன். "பிசினஸ் பார்ட்னரா? பிளட் ரிலேஷன் யாராச்சும் இருக்காங்களா சார்? இல்லேன்னா உள்ள தகவல் சொல்லமாட்டாங்க." உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லி இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று கத்திக்கொண்டு நின்றது. பேனாவை வாங்கி 'சித்தப்பா மகன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் அவன் அண்ணன் திருநெல்வேலியிலிருந்து ஊரடங்கைத் தாண்டி வந்து சேர்ந்தார். எங்களை அவருக்கு 'ரூம்மேட்' என்று தெரியும், அவ்வளவுதான். சிகிச்சைக்கான சம்மதப் படிவத்தை நர்ஸ் கொடுத்தபோது, பைலில் முதல் தாளாக என் கையெழுத்து இருந்தது. படித்தார். சித்தப்பா மகன். அவருக்குச் சித்தப்பாவே கிடையாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "சாப்பிட்டியளா?" என்று மட்டும் கேட்டார்.

அவன் பிழைத்து வந்து, வீட்டில் குப்புறப் படுத்து மூச்சுப்பயிற்சி செய்துகொண்டிருந்த ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று வந்தது. மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பற்றித் தனக்கே புரிதல் போதாது என்று சொல்லி உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு தீர்ப்பு எழுதினார். அதை அவனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் எங்களைக் குறிக்க மரியாதையான தமிழ்ச் சொற்களை அரசிதழில் வெளியிட்டது. என் தங்கை மகள் கல்லூரியில் படிக்கிறாள். போன பொங்கலுக்கு வந்தபோது, 'தன்பாலீர்ப்பு' என்ற சொல்லைச் சட்னி கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகப் பேச்சில் போட்டாள். எனக்குக் கரண்டி கையில் நின்றுவிட்டது. அம்மா இருந்திருந்தால் அந்தச் சொல் அவளுக்குப் புரிந்திருக்கும்.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திருமண உரிமையைத் தர மறுத்துவிட்டது. அன்று இரவு அவன் தோசையை ஒரு பக்கம் கருகவிட்டான், இருவரும் பேசாமல் சாப்பிட்டோம். அடுத்த வருஷம் ஒன்றிய அரசு சில விளக்கங்களைக் கொடுத்தது. இருவர் பேரிலும் வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை, துணையை நாமினியாகப் போடலாம். சேர்ந்து வாழ்பவர்களை ரேஷன் அட்டைக்கு ஒரே வீட்டாராகக் கொள்ள வேண்டும் என்று மாநிலங்களுக்குக் கடிதமும் போனது. கணக்கை மறுவாரமே தொடங்கிவிட்டோம். ரேஷனுக்குத்தான் இழுத்தடித்தோம். இங்கே அதற்குப் பெயர் குடும்ப அட்டை. அரிசியும் சர்க்கரையும் இல்லாமல் நாங்கள் தவிக்கவில்லை. அந்தப் பெயரின் முதல் சொல்தான் வேண்டும்.

என் அட்டையில் அவன் பெயரைச் சேர்க்க வேண்டுமானால், முதலில் ஊரில் அண்ணன் அட்டையிலிருந்து அவன் பெயரை நீக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதுக்காரனின் பெயர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவன் அம்மா உயிரோடு இருந்தவரை எடுக்க விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் வைத்தான். என்னென்னவோ நலம் விசாரித்துவிட்டு, "அண்ணே, ரேஷன் கார்டுல என் பேர எடுக்கணும். உங்க போனுக்கு ஓடிபி வரும், சொல்லணும்" என்றான்.

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"எடுத்து? எங்கலே சேக்கப் போற?"

அவன் என்னைப் பார்த்தான். வாய் திறந்தான், சொல் வரவில்லை.

"சித்தப்பா மவன் கார்டுலயா?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே."

"சரி, அனுப்பு" என்றார். மெசேஜ் வந்த ஓசை எங்களுக்கே கேட்டது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்தி, இரண்டு தடவை வாசித்தார்.