ஓவர்கிளாக் செய்த பிராசசரின் சூடறிதல்: மூவகை அளவைகள் வழி ஓர் ஆய்வு

பாயிரம்

பிராசசரைத் தயாரித்தவர் விதித்த வேகத்துக்கு மேல் விரட்டுதல் ஓவர்கிளாக்கிங் எனப்படும். இதனால் விளைவன மூன்று: வேகம், பெருமை, சூடு. முதலிரண்டையும் உரியவரே ஊரறியச் சொல்லிவிடுவார். மூன்றாவதை அறியும் வழி யாது என்பதே இவ்வாய்வின் பொருள். காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளால் பொருளை அறியலாம் என்பது சைவ சித்தாந்தம். பிராசசர் மட்டும் அதற்கு விலக்காகுமா? ஆய்வுக்கு 2011இல் வந்த இன்டெல் கோர் ஐ7-2600கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கியைப் பூட்டாமல் விற்ற சில்லு ஆதலால் சபலத்துக்கு இடங்கொடுத்த சில்லு.

1. உரை அளவை

உரை என்பது நம்பத்தக்கோர் வாக்கு. “ஒண்ணும் ஆகாதுடா, என்னுது நாலரைல ஓடுது, சூடே இல்ல” என்பது இவ்வகை. வாக்கில் பிழையில்லை, நண்பரின் அறையில் ஏசி ஓடுவது மட்டும் அதில் விடுபட்டிருக்கும். உரை அளவை இத்துடன் தள்ளப்படுகிறது.

2. காட்சி அளவை

இது பொறிகளின் வழி வருவது. ஹீட்சிங்கைத் தொடும் விரல், சூடு உண்டு என்று சொல்லும். எத்தனை டிகிரி என்று சொல்லாமல் பின்வாங்கும். காது ஃபேனின் இரைச்சலை அறியும். ஆனால் தூசி படிந்த ஃபேனும் இரையும். மூக்கின் சாட்சி ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் ஒரு சில்லுக்கு ஒருமுறையே பயன்படும்.

“சென்சார் இருக்கிறதே?” எனில், இருக்கிறது. ஆனால் அது வெப்பநிலையை நேரே சொல்வதில்லை. உச்ச எல்லைக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பதையே சொல்கிறது. நமது சில்லின் எல்லை 98 டிகிரி செல்சியஸ். “22 பாக்கி” என்று அது சொல்ல, மென்பொருள் கழித்துப் பார்த்து 76 என்று திரையில் எழுதுகிறது. காட்சி என்று நாம் நம்பியிருந்ததும் கருதலே என்பது இதனால் பெறப்படும்.

3. கருதல் அளவை

மலையில் புகை கண்டு நெருப்பைக் கருதுவது பழைய எடுத்துக்காட்டு. சில்லில் புகை கண்டபின் கருதுவதற்கு ஏதும் மிஞ்சாது. எனவே கணக்கே வழி.

சூத்திரம்: மின்திறன் கடிகார வேகத்தின்படி ஏறும், வோல்ட்டின் வர்க்கத்தின்படி ஏறும்.

உரை: சில்லின் திறன் 95 வாட். வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.5க்கு உயர்ந்தால் 126 வாட். அவ்வேகத்தில் கணினி அடிக்கடி உறைவதால், உரியவர் 1.2 வோல்ட்டை 1.35 ஆக்குகிறார் எனக் கொள்வோம். இப்போது 159 வாட். கூலர் வாட் ஒன்றுக்குக் கால் டிகிரி ஏறவிடும் தரத்ததாயின், ஏற்றம் 40 டிகிரி. அறையின் 35ஐக் கூட்ட, 75.

இங்கே நுணுகி நோக்கற்பாலது ஒன்றுண்டு. வேகத்தை 32 சதவீதம் ஏற்றியதற்குக் கூடியது 31 வாட். வோல்ட்டை வெறும் 12.5 சதவீதம் ஏற்றியதற்குக் கூடியதோ 33 வாட்.

4. மறுப்பும் விடையும்

“95 வாட் என்பது கூலர் செய்வோருக்குத் தந்த வரையறை, சில்லு உண்மையில் இழுப்பது வேறு” என்பர். ஒப்புகிறோம். “சூடு ஏற ஏறக் கசிவு மின்னோட்டம் ஏறும், அது மேலும் சூடாக்கும்” என்பர். அதையும் ஒப்புகிறோம். “அறையில் 35 என்றால் கேபினெட்டுக்குள் அதனினும் கூடும்” என்பர். மறுக்க வழியில்லை. தெர்மல் பேஸ்ட்டைப் பட்டாணியளவு வைப்பதா, கோடாக இழுப்பதா, பெருக்கல் குறியிடுவதா என்னும் வழக்கு, வடகலை தென்கலை நாம வழக்கைப் போல இன்னும் தீர்ப்புக்குக் காத்திருப்பதால் அதனுள் புகுந்திலம்.

கணக்கைச் சரிபார்க்க விரும்புவோர் பிரைம்95ஐ ஓட்டுவர். மெர்சென் பகா எண்களைத் தேடப் பிறந்த நிரல் அது. ஓட்டுவோரில் பெரும்பாலோர்க்குப் பகா எண் கிடைத்தாலும் ஒன்றே, கிடைக்காவிடினும் ஒன்றே. சில்லு வியர்த்தால் போதும்.

5. முடிபு

உரியவர் ஊருக்குச் சொல்வது கிகாஹெர்ட்ஸ். அது சூட்டில் ஒருமடியாகவே சேரும். சொல்லாமல் விடுவது வோல்ட். அது வர்க்கமாகச் சேரும். ஆகவே பிறர் பிராசசரின் சூட்டை மதிப்பிடப் புகுவோர் “எத்தனை வோல்ட் வெச்சிருக்கீங்க?” என்று கேட்பாராக. விடை வரத் தாமதமாகும் ஒவ்வொரு நொடிக்கும் ஒரு டிகிரி கூட்டிக்கொள்க. “ஆட்டோல இருக்கு” என்று விடை வருமாயின், வோல்ட்டை மதர்போர்டு தன் விருப்பம்போல் ஏற்றியிருக்கும்; பத்தாகக் கூட்டுக.