சாமான் சக்கரவர்த்தி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சயான் தேசியப் பூங்காவின் வாசலிலேயே இருக்கிறது ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூர். கேன்யனியரிங்காரர்கள் கூடும் இடம். கயிற்றில் தொங்கி இறங்கி, குளிர்ந்த குட்டைகளில் நீந்தி, இரண்டு கையையும் விரித்தால் பாறையில் இடிக்கும் பள்ளங்களுக்குள் புகுந்து வெளியே வருவதுதான் விளையாட்டு. புதியவர் ஹெல்மெட்டையும் வெட்சூட்டையும் வாடகைக்கு எடுப்பார். சொன்ன பேச்சைக் கேட்பார். பழம் தின்று கொட்டை போட்டவர் வெளுத்த கயிற்றோடு வருவார். இவர்களால் யாருக்கும் தொல்லையில்லை. நடுவில் ஒருவர் இருக்கிறார்.

இறங்கியது நாலைந்து பள்ளம். வாங்கியிருப்பது நாற்பது பள்ளத்துக்கு.

பள்ளங்களின் கடினத்தை 1 முதல் 4 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். இன்று அவர் போவது கீஹோல். 3-ஆம் தரம், பெரிய இறக்கமே சுமார் 30 அடிதான். தோளிலோ 200 அடிக் கயிறு. கேட்டால், “நாளைக்கே ஹீப்ஸுக்குப் போனா?” என்பார். ஹீப்ஸ் 4-ஆம் தரம். கடைசி இறக்கம் மட்டுமே ஏறக்குறைய 280 அடி. அதற்கு இந்தக் கயிறும் எட்டாது.

பையில் இன்னும் இருக்கிறது: பாறைக்குழியிலிருந்து தப்பி ஏறக் கொக்கி, மணலை நிரப்பி நங்கூரமாக்கும் சாண்ட்டிராப், கீழே நின்றபடியே கயிற்றை விடுவிக்கும் ஃபிடில்ஸ்டிக். கைதேர்ந்தவர்களே யோசித்து எடுக்கும் சாமான்கள். இவரிடம் விலைச்சீட்டுகூடக் கிழியாமல் இருக்கின்றன.

விஷய ஞானத்தில் குறை சொல்ல முடியாது. மலையேற்றக் கயிறு இழுபடும், அதனால் பாறை விளிம்பில் உரசித் தேயும், இழுபடாத ஸ்டாட்டிக் கயிறே சரி. பையில் நீர் வடியத் துளை வேண்டும். மணல் ஒட்டிய ஈரக் கயிறு அலுமினியத்தையே அரம்போல் ராவிவிடும். எல்லாம் உண்மை. பின்னால் எட்டுப் பேர் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது சொல்கிறாரே, அதுதான் சங்கடம்.

இடுப்பில் விலையுயர்ந்த கத்தி. காரணம், ஆரோன் ரால்ஸ்டன். 2003-இல் புளூஜான் பள்ளத்தில் பாறையில் சிக்கித் தன் கையையே அறுத்துக்கொண்டு மீண்டவர், ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த ‘127 ஹவர்ஸ்’ அவர் கதைதான். ரால்ஸ்டனிடம் இருந்தது மட்டமான கத்தி. ஆனால் எங்கே போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. நம்மவரும் சொல்வதில்லை.

வானிலை அறிக்கை இலவசம் என்பதால் அதையும் வாங்குவதில்லை. 2015 செப்டம்பரில் இதே கீஹோலில் திடீர் வெள்ளம் 7 பேரைக் கொண்டுபோனது. அந்த வெள்ளத்துக்கு எந்தக் கடையிலும் கருவி கிடையாது.

இரண்டாம் இறக்கத்தில், கயிற்றில் இறங்க உதவும் அவருடைய எட்டு வடிவ டிசென்டர் கை நழுவிக் குட்டையில் மூழ்கியது. மாற்று இரண்டு உண்டு, பையின் அடியாழத்தில். பின்னால் நின்ற அம்மாள் ஒருவர், நம்மவரின் இடுப்புக் கொக்கியான காராபினரிலேயே கயிற்றைச் சுற்றி மன்ட்டர் முடிச்சுப் போட்டு, “இறங்குங்க” என்றார். இறங்கினார்.

மாலையில் அவரைக் கடையில் பார்க்கலாம். கயிறு மாட்டும்போது காராபினரிலிருந்து கழற்றவே வேண்டாத டிசென்டர் ஒன்று வந்திருக்கிறதாம். இரண்டாக எடுத்துக்கொண்டார்.