தம்பதி சமேதராய்ச் செங்கல்பட்டில் இறங்குதல்: ஓர் ஆய்வு

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே எந்த நடைமேடையில் நின்றாலும் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: "தாம்பரம் வண்டியா, செங்கல்பட்டு வண்டியா?" சினிமாக்காரர்களுக்கோ செங்கல்பட்டு ஊரே அல்ல, விநியோக ஏரியா. அங்கே வசூல் எப்படி என்பதைப் பொறுத்தே பல தயாரிப்பாளர்களுக்குத் தூக்கம் வரும். இத்தனை பேர் பெயரைச் சொல்லியும், சுற்றிப் பார்க்கவென்று ஒருவரும் போகாத ஊர் இது. காரணம் என்ன என்று, சனி ஞாயிறில் கிளம்பும் தம்பதியரை முன்வைத்து ஆராயப் புகுகிறது இக்கட்டுரை.

தம்பதியர் என்று இங்கே கொள்ளப்படுவோர், "கோயிலுக்குப் போயிட்டு வந்துடறோம் அத்தை" என்று சொல்லிப் படி இறங்கும் இருவர். கோயில் இல்லாமல் படி இறங்க முடியாது என்பது எழுதப்படாத சட்டம். மாமல்லபுரம் இந்தச் சட்டத்தை அறிந்தே செதுக்கப்பட்டது போலும்: கோயில், கடல், மீன் வறுவல் மூன்றும் நடை தூரத்தில். 1984இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் வெண்ணெய் உருண்டைக் கல்லுக்கு முன்னால் கைகோத்து உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதே கல்லைக் கணவன் தாங்குவதுபோல் நிற்க, "இன்னும் கொஞ்சம் தள்ளுங்க, கை கல்லுல படவே இல்ல" என்று மனைவி கைபேசியோடு பின்னால் நகர்வது அன்றாடக் காட்சி. கல் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளாக நகரவில்லை, நகர்வதெல்லாம் மனைவிமார்களே.

இனி, "செங்கல்பட்டில் பார்க்க ஒன்றுமில்லை" என்ற பூர்வபட்சம். இதை மறுப்பது எளிது. கொளவாய் ஏரியை ரயிலில் இருந்தபடியே பார்க்கலாம். ஜங்ஷனுக்கு முன்னால் சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றுவிட்டால் முழு ஏரியும் இலவசம். கோட்டையோ விஜயநகர அரசர் காலத்தது. 1752இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து அதைப் பிடிக்க கிளைவ் பீரங்கியோடு வரவேண்டியிருந்தது. பிறகு ரயில் பாதையே கோட்டையை ஊடறுத்துப் போய்விட்டதால், இன்று பாண்டியன் எக்ஸ்பிரஸில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவரும் கிளைவ் பட்ட பாடு எதுவும் படாமல் அதைக் கடந்துவிடுகிறார்.

எல்லாவற்றிலும் பெரிய அநியாயம் வல்லம். ஊருக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில், குன்றைக் குடைந்த குடைவரைகள். அவற்றில் ஒன்று மகேந்திரவர்மன் காலத்தில், அவனுக்கு அடங்கிய வயந்தப்பிரியரசரின் மகன் கந்தசேனன் செய்வித்தது என்று தமிழிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். மகேந்திரவர்மன் மாமல்லனின் அப்பா. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலோ மாமல்லனுக்கும் பிந்தி, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் எழுப்பியது. அப்பா வீட்டு வாசலைத் தாண்டிப் போய், பேரப்பிள்ளைகள் வீட்டில் மட்டும் விருந்து சாப்பிட்டுத் திரும்புவது என்ன நாகரிகம்?

ஆகவே பார்க்க ஒன்றுமில்லை என்பது பொருந்தாது. அப்படியானால் ஏன் யாரும் இறங்குவதில்லை? விடை நிலையத்துக்கு வெளியே, ஆட்டோ நிறுத்தத்தில் இருக்கிறது. தம்பதியர் இறங்கியதும் எழும் வினா, "யாரு வீட்டு விசேஷம் சார்?" இல்லை என்றால், "கலெக்டர் ஆபீஸா? கோர்ட்டா? பெரியாஸ்பத்திரியா?" 2019 நவம்பரில் தனி மாவட்டமான பிறகு கலெக்டர் ஆபீஸ் வினாவுக்கு மவுசு கூடியிருக்கிறது. "சும்மா, ஊரைச் சுத்திப் பார்க்கலாம்னு" என்று பதில் வந்தால் ஓட்டுநர் இருவரையும் மேலும் கீழும் பார்த்து, இரக்கத்தோடு சொல்வார்: "மகாபலிபுரம் பஸ் அந்தப் பக்கம் நிக்கும் சார்."

இதனாற் பெறப்படுவது: குறை காட்சிகளில் இல்லை, வந்த காரணத்தில் இருக்கிறது. சும்மா வந்தவரை ஏற்க ஊரே தயாராயில்லை. இத்தனைக்கும் 1929 பிப்ரவரியில் முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு கூடி, ஆணும் பெண்ணும் தம் துணையைத் தாமே தேர்ந்துகொள்ள வேண்டும், பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டும் என்றெல்லாம் முழங்கிய ஊர் இது. துணையைத் தேரும் உரிமை கிடைத்தவர்களுக்கு, துணையோடு எங்கே இறங்குவது என்று தேரும் உரிமை இன்னும் வந்துசேரவில்லை. இதே மாவட்டத்து வேடந்தாங்கலில் பறவைகளின் நிலைமை மேல். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் ஊராருக்கு எழுத்தில் உறுதி தந்ததிலிருந்து அவை ஜோடியாக வருகின்றன, மாதக்கணக்கில் தங்குகின்றன, குஞ்சு பொரித்துக்கொண்டு போகின்றன. யாரும் யார் வீட்டு விசேஷம் என்று கேட்பதில்லை.

பரிகாரம் ஒன்று பரிசீலிக்கப்பட்டது. வல்லம் குடைவரையில் இன்றும் பூசை உண்டு. ஆக அது கோயில். அத்தையிடம் பொய் சொல்ல வேண்டியதில்லை. இந்த முறையைக் கையாண்டால் வீட்டில் நிகழக்கூடிய உரையாடல் பின்வருமாறு:

"எந்தக் கோயிலுக்கும்மா?"

"வல்லம், அத்தை. செங்கல்பட்டு பக்கத்துல."

"செங்கல்பட்டா? நம்ம பெரியப்பா பேத்தி அங்கதானே இருக்கா! மதியம் அவ வீட்டுலேயே சாப்பிட்டுடுங்க. இப்பவே போன் பண்ணிடறேன். ஏண்டா, போறப்ப ரெண்டு கிலோ ஆப்பிள் வாங்கிட்டுப் போங்க."

அந்த வாரமும் தம்பதியர் மாமல்லபுரமே போகிறார்கள்.