ரிசர்வ் வங்கிக்கு ஒரு விரல் விண்ணப்பம்

பெறுநர்: உயர்திரு ஆளுநர் அவர்கள், இந்திய ரிசர்வ் வங்கி, மும்பை.

பொருள்: சிலிக்கோன் கட்டைவிரல் ஒன்று வழங்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

ஆம்பூரில் டேனரி வேலை பார்க்கிறவன் நான். சுண்ணாம்பில் ஊறிய தோலைப் புரட்டிப் புரட்டி, தோலில் முடி போனதோ இல்லையோ, என் விரலில் ரேகை போய்விட்டது. ஆதாரை வைத்துப் பணம் தரும் கடையில் கட்டைவிரலை வைத்தால் ரேகை விழாது. "தொடச்சிட்டு வைங்கண்ணே" என்பார் கடைத்தம்பி. லுங்கியில் துடைத்து வைப்பேன். "அந்தக் கைய வைங்க." வைப்பேன். எண்ணெய் தடவி, எலுமிச்சை தேய்த்து, பத்து விரலுக்கும் முறை வந்து போகும். பின்னால் வரிசை முணுமுணுக்கும். "சர்வர் சரியில்ல, நாளைக்கு வாங்க" என்று, பழியை என் விரல்மேல் போடாமல் அனுப்பிவைப்பார். தங்கமான பிள்ளை.

திருடனிடம் இந்த ஏற்பாடு இவ்வளவு கறார் காட்டியதில்லை. 2023-இல் மேற்கு வங்கத்தில், பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளைப் பிரதியெடுத்து, செயற்கை ரேகை செய்து ஊரார் பணத்தை எடுத்தார்கள். ஓடிபி வேண்டாம், பின் நம்பர் வேண்டாம். ஆதார் எண், வங்கியின் பெயர், ரேகை இருந்தால் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை. பின் நம்பர் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். கட்டைவிரலை எந்தக் கிளையில் மாற்றித் தருகிறீர்கள்? ஆகவேதான் கேட்கிறேன், நகல் விரல் ஒன்றைத் தாங்களே வழங்கிவிட்டால் என் கூலியை நானே எடுத்துக்கொள்வேன்.

அதிகாரிகள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். வைத்தது உயிருள்ள விரல்தானா என்று பார்க்கும் புதிய சோதனையை ஆதார் ஆணையம் 2023 பிப்ரவரியில் கொண்டுவந்தது. இப்படிப் பணம் தரும் கடை முகவர்களைத் தீர விசாரித்தே சேர்க்க வேண்டும் என்று தாங்கள் 2025 ஜூனில் உத்தரவிட்டு, 2026 ஜனவரி 1 முதல் அமல் என்றீர்கள். நல்லது. ரேகையைப் பூட்டி வைக்க செயலியும் இருக்கிறதாம். பெரும்பாலான கணக்குகளில் கேட்காமலே கதவைத் திறந்து வைத்தது யாரோ. பூட்டு வாங்கும் வேலை மட்டும் எங்களுக்கு.

பணம் பறிகொடுத்தவர் கிளைக்குப் போனால், "நீங்க ரேகை வைக்காம பணம் எப்படிப் போகும்?" என்று கேட்கிறார்கள். நாங்கள் வைத்தாலே வரவில்லையே ஐயா! தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிப்பது வங்கியின் பொறுப்பு என 2017 ஜூலை 6-ஆம் தேதியே தாங்கள் சுற்றறிக்கை விட்டிருக்கிறீர்கள். புகார் வந்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்கவும் அதிலேயே சொல்லியிருக்கிறீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் அதைப் படித்தார்களா என்று சோதிக்கத்தான் கருவி இல்லை.

விரல் தர விதி இடம் கொடுக்காவிட்டால் இரண்டு காரியம் செய்யுங்கள். கணக்குக்காரர் எழுதிக் கேட்டாலொழிய, ரேகை வைத்துப் பணம் எடுக்கும் சேவையைத் திறக்காதீர்கள். அந்தச் சுற்றறிக்கையைத் தமிழில் அச்சடித்து, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுக் கிளைகளில், பாஸ்புக் பதியும் இடத்துக்கு மேலே, கண்ணில் படும்படி ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ரேகை விழாத வாடிக்கையாளன்,
ஆம்பூர்.