மழமழப்பியல்: மும்பைத் தமிழர் முகச்சவரம் குறித்த ஒரு முன்னாய்வு

ஆண்மகன் ஒருவன் தன் கன்னத்தைத் தானே தடவிப் பார்த்துத் திருப்தியடைய என்னென்ன வேண்டும் என்ற கேள்விக்குத் தமிழாய்வுலகம் இதுவரை முகம் கொடுக்கவில்லை. கூந்தலுக்கு நம் புலவர்கள் செலவழித்த சொற்களில் காலணா அளவுகூடத் தாடைக்குச் செலவழிக்கவில்லை. இக்குறையைப் போக்கவே மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்னும் முந்நிலங்களில் இவ்வாய்வு நிகழ்ந்தது. தொடங்கிய இடம் மாட்டுங்கா ரயில் நிலையம். 2017 முதல் அது முழுக்கப் பெண் ஊழியர்களால் நடத்தப்படுவதால், தாடி விஷயத்தில் அதைவிட நடுநிலையான இடம் கிடையாது.

ஆய்வு நெறி தொல்காப்பியருடையது. முதற்பொருள், நிலமும் பொழுதும். கருப்பொருள், பிளேடு, பிரஷ், நுரை, படிகாரம், முகம் பார்க்கும் கண்ணாடி. உரிப்பொருள், எரிச்சலும் எரிச்சல் நிமித்தமும்.

நிலம் என்றால் இங்கே நீர். மும்பைக் குழாயில் வருவது பாட்சா, வைதரணா, தான்சா போன்ற ஏரிகளில் தேங்கும் மழைத்தண்ணீர். உப்பு குறைவு, சோப்பு சட்டென்று நுரைக்கும். அதே பிரஷை ஊரில் போர் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துத் திரித்துவிடும். கன்னத்தில் நுரைக்குப் பதில் மாவு ஒட்டிக்கொண்டிருக்கும். "எங்க ஊர்த் தண்ணி மாதிரி வருமா" என்று பெருமூச்சு விடும் நெல்லைக்காரர்கள் குடிக்கச் சொல்கிறார்களா, சவரத்துக்குச் சொல்கிறார்களா என்பதை இனியாவது தெளிவுபடுத்த வேண்டும்.

தாராவியில் தண்ணீர் நுரைப்பதில் சிக்கலில்லை, வருவதில்தான். குழாய் திறந்திருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் குடங்கள் நிரம்பியாக வேண்டும். அந்த வரிசையில் குடும்பத் தலைவரின் தாடைக்குக் கடைசி இடம். மிஞ்சினால் ஒரு சொம்பு. இந்தச் சொம்பின் மகிமையை ஜில்லெட் நிறுவனம் பெரும் பொருட்செலவில் அறிந்துகொண்டது. இந்தியாவுக்கென்று செய்த ஒரு ரேசரை, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். பையன்கள் பிரமாதம் என்றார்கள். இங்கே வந்ததும் முடி அடைத்துக்கொண்டது. அங்கே குழாய் ஓடிக்கொண்டே இருந்தது, இங்கே ஒரு டம்ளர் தண்ணீர்! பிறகு நேரில் வந்து, ஆட்கள் சவரம் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, 2010-ல் ஒற்றை பிளேடு 'கார்டு' ரேசரை 15 ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள். மாற்றுத் தலை 5 ரூபாய். 1971-ல் இரண்டு, 1998-ல் மூன்று, 2006-ல் ஐந்து என்று ஏறிக்கொண்டே போன பிளேடுகளின் எண்ணிக்கையை நம் சொம்பு மறுபடி ஒன்றுக்கு இறக்கியது. தாராவியில் எந்த அக்காவைக் கேட்டிருந்தாலும் காசில்லாமல் சொல்லியிருப்பார்.

அடுத்து தாடியின் வேகம். தாடி மயிர் நாளொன்றுக்குச் சுமார் 0.4 மில்லிமீட்டர் வளரும். செம்பூரில் ஹார்பர் லைன் வண்டி ஏறும் குமாஸ்தா சி.எஸ்.எம்.டி.யில் இறங்குவதற்குள் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு முளைத்துவிடும் என்பது நம் கணக்கு. மேலதிகாரி இதைக் கவனிப்பதில்லை என்பது நல்லூழ். 1970-ல் 'நேச்சர்' இதழில் பெயர் சொல்லாத ஒரு விஞ்ஞானி எழுதிய குறிப்பு இன்னும் சுவையானது. வாரக்கணக்கில் தீவொன்றில் தனியாக இருந்த அவர், மின்சார ரேசரில் சேர்ந்த முடித்தூளைத் தினமும் நிறுத்துப் பார்த்தார். துணையைச் சந்திக்கும் நாள் நெருங்கும்போதே தாடி வேகமாக வளர்ந்ததாம்! கோடை விடுமுறைக்குக் குடும்பத்தை நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டுத் தனியே இருக்கும் மும்பைத் தமிழர்களிடம் இதைச் சரிபார்க்கலாம் என்று முயன்றோம். தராசு கொண்டுபோன இடத்திலெல்லாம் கதவைச் சாத்தினார்கள்.

மழிக்க மழிக்க முடி தடிக்கும் என்பது மாட்டுங்கா மாமாக்களின் அசைக்க முடியாத கொள்கை. அமெரிக்க உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928-லேயே அளந்து பார்த்து, அப்படி ஒன்றும் ஆவதில்லை என்று எழுதிவிட்டார். வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருப்பதால் கைக்குத் தடிப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். மாமாக்கள் ஏற்கவில்லை. அவர்களே கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் பழைய பிளேடை வைத்து விரலால் அழுத்தித் தேய்த்து மாதக்கணக்கில் ஓட்டியவர்கள். பிளேடு ஏன் மழுங்குகிறது என்பதிலும் விஷயம் இருக்கிறது. எஃகைவிட ஐம்பது மடங்கு மிருதுவான முடி பிளேடின் விளிம்பை எப்படிச் சிதைக்கிறது என்பதை 2020-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்து 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். முடி வளைந்துகொடுக்க, எஃகின் சீரில்லாத இடமாகப் பார்த்து விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்று நமக்கு நுண்ணோக்கி இல்லாமலே தெரியும்.

செயல்முறைக்குத் தாராவி தொண்ணூறடி சாலையில் ஒரு சலூனில் தலையைச் சாய்த்தோம். கடைக்காரர் புது பிளேடைக் காகிதத்தோடு மடக்கினார். 'டிக்' என்று இரண்டாக ஒடிந்தது. பாதியைக் கத்தியில் செருகி, பாதியைக் காகிதத்திலேயே மூடி வைத்தார். தண்ணீர் பீய்ச்சி, நுரை பூசி, எதிர்க்கடைக்காரரோடு பேசப் போய்விட்டார். இது அலட்சியம் என்றுதான் எல்லோரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அதுதான் சவரத்தின் உயிர்நாடி. முடி தண்ணீர் குடித்து இளக இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். இளகிய முடியை வெட்டக் குறைந்த விசை போதும். திரும்பி வந்தவர் மறுபடி நுரை ஏற்றினார். கத்தியைக் கிட்டத்தட்ட முப்பது பாகை சாய்த்து, இடக்கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறக்கமாக ஒரு கை போட்டார்.

"உல்டா போடவா அண்ணாச்சி?"

போடச் சொன்னோம். கழுத்தருகே வந்ததும் நிறுத்திவிட்டார். "தாடி ஒரே பக்கமா வளராது. கன்னத்துல கீழ இறங்கும், சங்குக்கிட்ட சுத்திக்கிட்டுப் போவும். அங்க உல்டா போட்டா நாளைக்குக் கொப்புளம், நாளன்னைக்குச் சண்டை."

சுருட்டை முடிக்காரர்களுக்கு இது இரட்டிப்பு உண்மை. எதிர்த்திசையில் ஒட்ட வெட்டினால் நுனி தோலுக்கு அடியில் போய் உள்ளேயே வளைந்து வளரும். உரிப்பொருள் அங்கேதான் பிறக்கிறது. ஆகவே நம் சூத்திரம்: மழமழப்பு என்பது நனைந்த நேரத்தைத் திசையறிவால் பெருக்கி, பிடிக்க வேண்டிய ரயிலின் அவசரத்தால் வகுத்தால் கிடைப்பது. பிளேடின் விலைக்கு இதில் இடமில்லை. செம்பூர் இளைஞர்கள் டிரிம்மருக்கு மாறிவிட்டதால் அவர்கள் சூத்திரத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

எஞ்சியது பொழுது. 2020 ஜூன் 28 அன்று மகாராஷ்டிர அரசு சலூன்களைத் திறக்கவிட்டபோது முடி வெட்டலாம், சாயம் பூசலாம், சவரம் மட்டும் கூடாது என்றது. அது கிருமிக் காலம். மற்றக் காலத்தில் அரசின் வேலையைப் பஞ்சாங்கம் பார்த்துக்கொள்கிறது. செவ்வாய், வெள்ளி ஆகாது. அமாவாசை ஆகாது. மாலை போட்டால் மண்டலம் முழுக்க ஆகாது. மனைவி மாசமாக இருந்தால் வைதீகக் குடும்பத்தில் பிரசவம் வரை ஆகாது. திங்கட்கிழமை ஆகும், ஆனால் மும்பையில் பெரும்பாலான சலூன்களுக்கு அன்று விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் யாருக்கும் மூன்று நிமிடம் ஊறக் கொடுத்துவைப்பதில்லை.

அடுத்த கட்ட ஆய்வுக்குச் சுருட்டைத் தாடிக்காரர்கள் தேவை. விருப்பமுள்ளோர் மூன்று நாள் முள்ளோடு புதன் அல்லது வியாழன் காலையில் வரவும். சொம்பும் வெந்நீரும் எங்கள் பொறுப்பு. பிளேடு மட்டும் புதிதாக வாங்கி வாருங்கள், டம்ளரில் தேய்த்தது வேண்டாம்.