நீச்சல் குளத்துக்கு எந்த உடை?

கேள்வி: பருத்தி பனியன், டிரவுசரோடு வந்த என் மகனைக் குளத்தில் இறங்க விடவில்லை. பருத்தி என்ன பாவம் செய்தது? (வேளச்சேரி வாசகர்)

பதில்: தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும், நீந்தப் பழகாத பிள்ளைக்கு அது கூடுதல் சுமை. நூல் பிரிந்து ஃபில்டரில் அடையும். தெருவில் போட்ட துணியென்றால் வியர்வையும் தூசியும் கூடவே இறங்கும். நைலான், பாலியெஸ்டர் நீச்சல் உடையில் இந்தத் தொல்லை இல்லை. தடுத்தவர் சரியாகத்தான் செய்தார்.

கேள்வி: வீட்டில் குளித்துவிட்டுத்தான் வருகிறேன். குளத்தடியில் மறுபடி ஷவர் எதற்கு? (கோவை வாசகர்)

பதில்: வழியில் வியர்த்திருக்குமே! வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள யூரியா குளோரினோடு சேர்ந்தால் குளோரமைன் உண்டாகும். கண் எரிச்சலுக்கும் மூக்கைத் துளைக்கும் நெடிக்கும் பெரும்பாலும் அதுவே காரணம். ஒரு நிமிடம் நனைந்தால் எல்லோர் கண்ணும் பிழைக்கும்.

கேள்வி: எட்டாவது படிக்கும் மகள், நீச்சல் உடை போடக் கூச்சப்பட்டு வகுப்புக்கே போக மாட்டேன் என்கிறாள். (மதுரை வாசகி)

பதில்: நீச்சலை மட்டும் விட்டுவிடாதீர்கள். கை, கால் முழுக்க மூடும் நீச்சல் உடைகள் கடைகளில் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் அஹேதா ஸனெட்டி 2004-இல் வடிவமைத்த புர்கினியும் நீந்துவதற்கென்றே தைத்ததுதான். துப்பட்டாவும் தொளதொள சுடிதாரும் வேண்டாம், கைகாலைச் சுற்றிக்கொள்ளும். குளத்தில் எதை அனுமதிக்கிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரான்ஸில் ஆண்களின் தொளதொள ஷார்ட்ஸுக்கும் தடையாமே? (புதுச்சேரி வாசகர்)

பதில்: உண்மைதான். அங்கே பெரும்பாலான நகராட்சிக் குளங்களில் உடலோடு ஒட்டிய ஜட்டி வகைக்கு மட்டுமே அனுமதி; சொல்லும் காரணம் சுகாதாரம். புர்கினிக்கும் அதே கதைதான்: 2022-இல் கிரெநோபிள் நகரம் அதற்கு இடம் தந்தது. கீழ் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது; ஒரு பிரிவினருக்காக விதியைத் தளர்த்தியதாகக் கூறி, நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் ஜூனில் அந்த நிறுத்தத்தை உறுதிசெய்தது. நீந்துவதற்கான சுத்தமான துணியோடு வந்த பெண்ணைக் கரையில் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: நீளமான பின்னலுக்குத் தொப்பி போதவில்லையே? (தஞ்சை வாசகி)

பதில்: பெரிய அளவுத் தொப்பி வாங்குங்கள். அடர்ந்த சுருள் முடிக்கென வந்த ‘சோல் கேப்’ தொப்பியை டோக்கியோ ஒலிம்பிக்கில் ஏற்க மறுத்த சர்வதேச நீச்சல் சம்மேளனமே 2022-இல் அனுமதித்தது. முடிக்கேற்ற தொப்பி கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: குழந்தைக்கு எந்த நிறம் நல்லது? (சேலம் வாசகர்)

பதில்: பளிச்சென்ற ஆரஞ்சு, அடர் இளஞ்சிவப்பு. வெளிர்நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் கண்ணுக்குப் படாது. ஆனால் எந்த நிறமும் உங்கள் கண்காணிப்புக்கு ஈடாகாது.

கேள்வி: எங்கள் பள்ளிக் குளத்துக்கு விதி எழுதச் சொல்கிறார்கள். (உடற்கல்வி ஆசிரியர், திருச்சி)

பதில்: நீச்சலுக்கான துணி, தொப்பி, இறங்குமுன் குளியல், நகை கூடாது. நான்கு வரி போதும். உடையின் நீளத்தை மாணவியிடமே விடுங்கள். ஏரியும் கிணறும் வாய்க்காலும் உள்ள ஊரில் நீச்சல் உயிர்காக்கும் கல்வி. உடையைக் காட்டி ஒரு பிள்ளையையும் அதிலிருந்து விலக்காதீர்கள்.