கேள்வி–பதில்: நெஞ்செரிச்சலும் கேஸ் மாத்திரையும்

கே: நெஞ்செரிச்சல் எதனால் வருகிறது?

இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் எதுக்களித்து ஏறுவதால். இரண்டுக்கும் நடுவில் உள்ள தசைவளையம் உணவை உள்ளே விட்டதும் இறுகவேண்டும். அது தளர்ந்தால் எரிச்சல், புளித்த ஏப்பம். அமிலத்தைத் தாங்கும் சளிப்படலம் இரைப்பைக்கு உண்டு, உணவுக்குழாய்க்கு அவ்வளவாக இல்லை.

கே: வேலூர் அருகே அமிர்தி அருவியில் குளித்து, ஆம்பூர் பிரியாணியை முடித்து, மரத்தடியில் சாய்ந்தவர்கள் நெஞ்சைத் தடவுவது ஏன்?

குளித்த பசிக்கு அளவு தெரியாது. நிறைந்த வயிறு தசைவளையத்தைத் தள்ளும், கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், படுத்ததும் அமிலத்தின் வழி எளிதாகிவிடும். எப்போதாவது வரும் இந்த எரிச்சலுக்கு ஜெலுசில், டைஜீன் வகையே போதும். தைராய்டு, இரும்புச்சத்து மாத்திரைகள் உடலில் சேர்வதை இவை தடுக்கும் என்பதால், நடுவே சில மணி நேரம் இடைவெளி வேண்டும்.

இரவில் நெஞ்சு எரிகிறவர்கள் சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்தே படுக்கவேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. கட்டை வைப்பது நல்லது. தலையணைகளை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு இன்னும் அழுந்தும். இடப்பக்கம் ஒருக்களிப்பதும் உதவும்.

கே: சோம்பு மென்றால் அமிலம் குறையுமா?

வாய் மணக்கும், அமிலம் குறையாது.

கே: ஈனோ தினமும் குடிக்கலாமா?

கூடாது. அதில் சோடியம் அதிகம். ரத்த அழுத்தம், இதயக்கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எப்போதாவதுகூடத் தவிர்ப்பதே நல்லது.

கே: கேஸ் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் என்ன?

பலன் குறையும். ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் ஆகியவை அமிலம் சுரக்கும் பம்புகளை அடைப்பவை. அந்தப் பம்புகள் விழித்தெழுவது உணவு வரும்போதுதான். ஆகவே உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே மாத்திரையைப் போடவேண்டும். மென்றோ பொடித்தோ விழுங்கினால், அமிலத்திலிருந்து மருந்தைக் காக்கும் மேல்பூச்சு போய்விடும். முழுப்பலன் தெரிய சில நாள் ஆகும். முதல் நாளே எரிச்சல் அடங்கவில்லை என்று இன்னொன்றைப் போடக் கூடாது.

மெடிக்கலில் அட்டையை வெட்டி நாலு நாலாக வாங்கும் பழக்கத்தால் கெடுவது கணக்குதான். வழக்கமான கால அளவு 4 முதல் 8 வாரம். அது ஆண்டுக்கணக்காக நீளும்போது பி12, மெக்னீசியம் குறையலாம். எலும்பு முறிவு, குடல் தொற்று ஆகியவற்றின் அபாயம் கூடுவதோடும் ஆய்வுகள் இதைத் தொடர்புபடுத்துகின்றன. நெடுநாள் போட்டதைச் சட்டென நிறுத்தினால் அமிலம் முன்னைவிடப் பெருகிச் சில வாரம் எரிக்கும். அது பழைய நோய் திரும்பியதாக ஆகாது. மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்கலாம்.

ஆனால் மூட்டுவலி மாத்திரை, ஆஸ்பிரின் எடுக்கும் முதியவர்களுக்கும், குடற்புண்ணில் ரத்தம் கசிந்தவர்களுக்கும் இந்த கேஸ் மாத்திரை காவல். அவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரல் எடுப்பவர்கள் ஒமிப்ரசோலைத் தவிர்க்கவேண்டும்.

கே: ரானிடிடின் என்ற கேஸ் மாத்திரையைப் போடலாமா?

என்.டி.எம்.ஏ. என்ற புற்றுநோய் ஐயத்துக்குரிய பொருள் அதில் இருப்பது 2019இல் தெரியவந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்கா சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. 2022இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் நீங்கியது. வீட்டில் பழைய அட்டை இருந்தால் மாற்று மருந்தை மருத்துவரிடம் கேட்கவேண்டும். அதே இனத்தில் பாமோடிடின் உண்டு.

கே: நடுநெஞ்சில் அழுத்தம் வந்தால் வாய்வுதான் என்று ஒரு மாத்திரை போட்டுப் படுத்துப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. மாரடைப்பும் எரிச்சலாக, செரிக்காததுபோல வரும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலி இல்லாமலும் வரும். ஜெலுசில் குடித்துச் சற்று இதமானாலும் இதயம் நலம் என்று பொருள் இல்லை. வியர்வை, மூச்சுத்திணறல், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, நடந்தால் கூடும் அழுத்தம் இருந்தால் 108ஐ உடனே அழைக்கவேண்டும். அமிர்தியிலிருந்து வேலூர் சுமார் 25 கி.மீ.; படுத்துப் பார்க்கும் நேரம் சிகிச்சைக்கு உரிய நேரத்திலிருந்துதான் கழியும். ரத்த வாந்தியும் தார்போல் கறுத்த மலமும் இதே அவசரம். விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை இருந்தால் மாத்திரையால் மூடாமல் எண்டோஸ்கோபி பார்க்கவேண்டும்.